மாமாதான் கதவு

உலகத்திலேயே மிக வேகமாகக் கதவைச் சாத்தத் தெரிந்த மனிதர் எங்கள் ஃபேர்பேங்க்ஸ் ஊரில்தான் இருக்கிறார். அவர் பெயர் வெண்டல். இதை அவரே சொல்லியிருப்பதால் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அலாஸ்காவின் குளிர்காலத்தில் வீட்டுக் கதவைத் திறந்தால், குளிர் வெள்ளைப் புகையாகச் சுருண்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். வெண்டலிடம் மட்டும் அதன் வேலை நடக்காது. திறப்பார், நுழைவார், டமார்! சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் ஒருமுறை குலுங்கும்.

"பாத்தியா வில்லா? ஒரு துளி குளிர் உள்ள வந்துச்சா?"

"குளிர் வரல மாமா. கடிகாரம்தான் கீழ வந்துடுச்சு" என்பாள் அவருடைய தங்கை மகள் வில்லா. அவளுக்கு வயது பத்து.

வில்லாவின் தம்பி ஓட்டிஸால் அப்படி நுழைய முடியாது. அவன் சக்கர நாற்காலியில் போகிறவன். முன்சக்கரத்தை ஏற்றி, கொஞ்சம் பின்னால் இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளி... அதற்குள் வெள்ளைப் புகை சமையலறை வரை போய்விடும். வீட்டில் இருக்கும் எல்லாரும், "சீக்கிரம்டா, சீக்கிரம்!" என்பார்கள். கோபத்தில் இல்லை, குளிரில்.

எதிர்வீட்டில் பனிவண்டி இழுக்கும் நாய்கள் இருந்தன. கோடையில் ஓட்டிஸ் தினமும் அங்கேதான் கிடப்பான். குளிர் வந்ததும் போவதைக் குறைத்தான். பிறகு நிறுத்தியே விட்டான்.

"நாய் பாக்கப் போலாமா?" என்று வில்லா கேட்டாள்.

"வேணாம். கதவைத் திறக்கணும்ல."

வில்லா நேராக அம்மாவிடம் போய் அதைச் சொன்னாள். அம்மா மார்வா தச்சு வேலை செய்கிறவர். அன்று சாப்பிட்டதும் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன்மேல் படம் போட ஆரம்பித்தார். வாசலோடு ஒட்டி ஒரு சின்ன முன்னறை. வெளிப்பக்கம் ஒரு கதவு, வீட்டுப்பக்கம் ஒரு கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். குளிர் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும்.

வெண்டல் மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூட்ஸ் தூங்கறதுக்குத் தனி ரூமா! தலகாணி உண்டா? ஏம்மா மார்வா, ஒரு கதவை ஒழுங்கா சாத்தத் தெரியாதவங்கதான் ரெண்டு கதவு வைப்பாங்க. நான் வந்து நடுவுல கை கட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"நீ நிக்க வேணாம்ணா. ஜன்னல் வழியா வா" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

வில்லா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இதுல ஓட்டிஸ் எங்க நிப்பான்?"

"உள்ள வருவான்... வந்து..." அம்மாவின் பென்சில் நின்றுவிட்டது.

மறுநாள் வில்லா அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு வெளியே போனாள். கெட்டிப்பட்ட பனியின்மேல், அம்மா போட்ட அளவிலேயே அறையைச் சாம்பலால் வரைந்தாள்.

"மாமா, வாங்க. நீங்கதான் வெளிக்கதவு."

"நானா?"

"சாத்தறதுல உங்கள விட்டா யாரு இருக்கா?"

மறுக்க வழியில்லை. மாமா சாம்பல் கோட்டின் ஓரத்தில் நின்று ஒரு கையை விறைப்பாக நீட்டினார். அம்மா உள்கதவு ஆனார். ஓட்டிஸ் நாற்காலியோடு வெளியே காத்திருந்தான்.

"உள்பக்கமாத் திறங்க மாமா. வெளிய பனி குவிஞ்சு கிடந்தா எப்படித் தள்ளுவோம்?" என்றாள் வில்லா.

மாமா திறந்தார். வாயால் 'கிரீச்' என்று சத்தமும் கொடுத்தார்.

"கதவு ஏன் கத்துது?" என்றான் ஓட்டிஸ்.

"எண்ணெய் போடலடா. நீ உள்ள வா."

ஓட்டிஸ் உருட்டிக்கொண்டு கோட்டுக்குள் வந்து நின்றான். மாமா சாத்தப் பார்த்தார். கை நாற்காலியின் கைப்பிடியில் இடித்தது. இன்னும் வேகமாகச் சாத்தினார். இன்னும் வேகமாக இடித்தது.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வெளிக்கதவைச் சாத்தாமல் உள்கதவைத் திறந்தால், குளிர் வீட்டுக்குள் வரும். மறுபடியும் எல்லாரும் 'சீக்கிரம்' என்பார்கள்.

"பரவால்ல" என்றான் ஓட்டிஸ், மெதுவாக. "உங்களுக்காவது ஆகும்ல. இப்படியே கட்டுங்க."

வில்லா பூட்ஸ் காலால் கோட்டை அழித்தாள். சாம்பல் வாளியைத் தூக்கித் தம்பியின் மடியில் வைத்தாள்.

"நீயே போடு. எதுவரைக்கும் வேணும்?"

ஓட்டிஸ் அவளைப் பார்த்தான். பிறகு முன்னால் உருண்டான். திரும்பிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் உருண்டான்.

"கதவே, சாத்து!"

மாமா சாத்தினார். எதிலும் இடிக்கவில்லை. ஓட்டிஸ் அந்த இடத்தில் ஒரு கை சாம்பலைப் போட்டான். நாற்காலியை வட்டமாகத் திருப்பிப் பார்த்து, பக்கத்திலும் ஒரு கை போட்டான்.

"கதவுல ஒரு கயிறு வேணும். கதவு நிலையில ஒரு வளையம் மாட்டி, அது வழியா என் கை எட்டற மாதிரி. நானே இழுத்துச் சாத்துவேன்."

அம்மா சாம்பல் கோடுகளை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என்னோட படத்தவிட இது நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுக்கப் போனார்.

கோடையில் முன்னறை எழுந்தது. அம்மா பலகை அறுத்தார், வில்லா பிடித்துக்கொண்டாள். ஓட்டிஸ் ஆணி டப்பாவுக்குப் பொறுப்பு. கிண்டல் செய்ய வந்த மாமா சுத்தியலோடு தங்கிவிட்டார்.

"இதெல்லாம் தேவையில்லன்னு இப்பவும் சொல்றேன்" என்றார், வாய் நிறைய ஆணியோடு.

தடித்த சுவர்கள், வெயில் விழ ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு, மேடு பள்ளமில்லாத தரை. வழியில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த குளிர்காலத்தில், மைனஸ் நாற்பது குளிரில் ஒருநாள், ஓட்டிஸ் நாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கூடவே வெண்டல் மாமா, மீசையெல்லாம் பனி. வில்லா உள்கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

மாமா உள்ளே வந்து ஓரமாக ஒதுங்கினார். ஓட்டிஸ் நிதானமாக நாற்காலியைத் திருப்பிக் கயிற்றைப் பிடித்தான். கையுறை வழுக்கியது. மறுபடி பிடித்தான். ஏதோ ஒரு நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இழுத்தான். மாமாவின் கை ஒருமுறை கதவை நோக்கிக் கிளம்பியது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். பனியைத் தட்டி, இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்தார். அப்புறம் எழுந்து, கை கட்டிக்கொண்டு, நாய்க்குட்டிக் கதை முடியும்வரை நின்றார்.