குடை விரித்த அறை

கொம்பு விட்டிருக்க வேண்டிய காளான்கள் குடை விரித்திருந்தன.

கதவடியில் ஈரத்துணி செருகி, ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, காற்றே நுழையாமல் தங்கை அடைத்து வைத்திருந்த பின்னறை அது. மருந்துக்காக மரக்கட்டைகளில் காளான் வளர்ப்பது அவள் தொழில். சிவப்போ கருப்போ, நல்ல காற்றில் வளர்ந்தால் தட்டையாகக் குடை விரிக்கும். ஆள் மூச்சு அடைந்து கிடக்கும் இடத்தில் மான்கொம்பு போல ஒல்லியாக நீளும். கொம்புக்குத்தான் கிராக்கி. அந்த அறையில் மழைக்காலம் முழுக்க அக்கா வேறு படுத்துக் கிடந்தாள். பிறகெப்படிக் குடை?

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. டாக்டர் கைவிரித்ததும் தங்கைதான், பட்டுப்போன மரத்தில் தானாக முளைத்திருந்த கருப்புக் காளானைப் பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டு கிடந்தவள், விடிந்ததும் இருமலே இல்லாமல் எழுந்து உட்கார்ந்தாள்.

“இனி இந்த ரூம்லயே இருந்துக்கறேன்டி. இங்கதான் லேசா இருக்கு.”

போன உயிர் திரும்பி வந்துவிட்டதென்று தங்கை அழுதாள்.

இப்போது குடைகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஒரு கட்டையைத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தித் தலைமாட்டில் வைத்தாள். சில நாளிலேயே விரல் விரலாகக் கொம்பு விட்டது. அவள் ஒருத்தியின் மூச்சுக்கே.

அப்போதுதான் உறைத்தது. இருமல் நின்ற நாளிலிருந்து அக்கா ஒரு தும்மல் போட்டதில்லை. கொட்டாவி விட்டதில்லை. பெருமூச்சுகூட இல்லை.

பட்டப்பகலில் பின்னறைக் கதவைத் திறந்தாள். ஈரமரத்தின் கசந்த வாசனை. பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் சட்டென்று நின்றது. அறைக்குள் ஒரே ஒரு மூச்சுச் சத்தம். அவளுடையது. அடக்கிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

முற்றிய குடைகளிலிருந்து காபித்தூள் நிறத்தில் பொடி உதிர்ந்து எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. போர்வையில். தலையணையில். அக்காவின் நெற்றியில், கன்னத்தில், மூக்குக்குக் கீழே. ஊதினால் பறக்கிற பொடி. வழவழவென்று, ஒரு துளி கலையாமல்.

“அக்கா...”

இமை திறந்தது.

“ஏன்டி இப்படி மூச்சு வாங்குற? ஓடி வந்தியா?”

தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கை மரக்கட்டையாக இருந்தது.

“பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே!”

அக்கா சிரித்தாள். வாய்விட்டு, வெகுநேரம், நன்றாகவே சிரித்தாள்.

மூக்கடியில் பொடி அப்படியே படிந்திருந்தது.