சலவைக்கல் திராட்சை

1926 ஜூலை. காலை ஆறரை மணி. ரங்கூனில் மழை விடவில்லை. ஆலை ஒப்பந்தக்காரர் அய்யாசாமி தம் வீட்டு வாசற்படியில் மண்டை பிளந்து கிடந்தார். படியில் ரத்தம் இல்லை. மழை கழுவியிருந்தது.

இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு வந்தபோது கார் டிரைவர் அமீர் அலியின் கைகளில் விலங்கு ஏறியிருந்தது. முந்தின நாள் அய்யாசாமி அவனை ஆலை ஆட்கள் முன்னால் அறைந்திருந்தார். தூக்குக்கு அது போதும்.

“ராத்திரி ஐயாவை வாசல்ல இறக்கினேன். உள்ளே போனதைப் பார்த்தேன். அவ்வளவுதானுங்க.”

“அவர் உள்ளே வரவே இல்லை,” என்றாள் மனைவி ரத்தினம்மாள்.

“நான் மாடியில தூங்கிட்டேன்,” என்றான் அய்யாசாமியின் தம்பி நல்லப்பன். “இதுல விசாரிக்க என்னங்க இருக்கு? சாயபுவைக் கொண்டுபோங்க.”

குழந்தைவேலு கூடத்துக்குள் போனார். வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிய வீடு. சுவரில் குளிர்காயும் கணப்பு. அதைச் சுற்றி இத்தாலியச் சலவைக்கல் முகப்பு. இருபுறமும் திராட்சைக் குலைகள் செதுக்கியிருந்தன. ரங்கூன் புழுக்கத்தில் அங்கே யாரும் நெருப்பு மூட்டியதில்லை. வந்தவர்களுக்குக் காட்டத்தான் அது இருந்தது.

வலது குலையில் எறும்பு ஊர்ந்தது.

“இந்த வீட்டுல கல்லுத் திராட்சைகூட இனிக்குது பாருங்க,” என்றான் நல்லப்பன். யாரும் சிரிக்கவில்லை.

குழந்தைவேலு விரலால் தடவினார். இடது குலை கண்ணாடியாக வழுக்கியது. வலது குலை சொரசொரத்தது. பளபளப்புச் செத்துச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இரண்டு பழங்களுக்கு நடுவே குண்டூசியை விட்டு நெம்பினார். பழுப்பு நார் ஒன்று வந்தது. முகர்ந்தார்.

“விலங்கை அவிழ்த்துவிடு,” என்றார் கான்ஸ்டபிளிடம். “அய்யாசாமி செத்தது இங்கே. இந்த முனையில மண்டை மோதி.”

நல்லப்பன் வெளிறினான். “என்னைச் சொல்றீங்களா?”

“நீங்களா இருந்தா துணியால துடைச்சிட்டுப் போயிருப்பீங்க. இது புளி. ரத்தக்கறை போகலைன்னதும் குத்துவிளக்கைத் துலக்கற மாதிரி தேய்ச்சிருக்காங்க. பித்தளை பளிச்சுன்னு ஆகும். சலவைக்கல்லைப் புளிப்பு அரிச்சிடும்.” திரும்பினார். “கறை போயிடுச்சும்மா. கல்லும் கூடவே போயிடுச்சு.”

ரத்தினம்மாள் அழவில்லை.

“கியாக்தான் ஊர்ல ஒரு பர்மாக்காரியை வச்சிருந்தார். அவளை இங்கே கூட்டிட்டு வரப்போறேன், நீ அடுத்த கப்பல்ல ஊருக்குப் போன்னார். பிடிச்சுத் தள்ளினேன்.”

“வாசலுக்கு எப்படிப் போனார்?”

“பாயில போட்டு இழுத்தேன்.”

“அமீர் அலி தொங்கியிருப்பானே.”

“ராத்திரி அது தோணலைங்க. காலையில தோணுச்சு. சொல்ல வாய் வரலை.”

ஸ்டேஷனுக்குப் போக அந்த வீட்டுக் கார்தான் இருந்தது. அவள் படியிறங்கினாள். மணிக்கட்டில் விலங்கின் தடம் சிவந்திருந்தது அமீர் அலிக்கு. பழக்க தோஷத்தில் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

“பார்த்து ஏறுங்கம்மா.”