அறுத்துப் பார்த்த மூட்டு

மழையில் நனைந்தபடி அந்தச் சமையலறைக்குள் நுழைந்தவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவள் மாட்டிவிட்டுப் போன செம்புக் குழாயை, சிங்க்குக்கு அடியில் யாரோ ஒருத்தன் சாவகாசமாக அறுத்துக்கொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டு என் பைப்புல கை வச்சீங்க?”

திரும்பினான். கண்கள்... சரி, அழகான கண்கள்தான். அதற்காக விட்டுவிட முடியுமா?

மூட்டு ஒன்று கசிந்து அலமாரியெல்லாம் ஈரமாம். வீட்டுக்கார அம்மா பொறுக்கமாட்டாமல் இன்னொரு பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாராம். பிளம்பரான அப்பா அவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் வீடு இது. கைநழுவிப் போனால், மறுபடி அப்பாவின் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டியதுதான்.

அவன் வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்து அதன் நுனிக்குள் விரலை விட்டாள். பிசிறு நெருடியது.

“உள்ள சுரண்டவே இல்ல. கட்டரை ஒரே முறுக்கா முறுக்கி நுனியையும் நசுக்கியாச்சு. இந்த லட்சணத்துல என் வேலையைத் திருத்த வந்தீங்களாக்கும்.”

அவனுக்குக் காது சிவந்தது. சுரண்டுவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று முணுமுணுத்தான். அவள் கேட்டால்தானே! கசிந்த மூட்டை அறுத்து, தப்பு தன்மேல் இல்லை என்று காட்டியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேண்டாங்க, மாற்றிவிட்டால் போயிற்று என்று அவன் கெஞ்சியும் விடவில்லை.

ரம்பம் இறங்கியது. மூட்டு நீளவாக்கில் பிளந்தது. ஒரு பாதியில் பற்றவைத்த சால்டர் ஈயம் பளபளவென்று ஓடியிருந்தது. மறுபாதியில் ஒட்டவே இல்லை... குழாய் நுனியை உப்புத்தாளால் தேய்த்தவள், அது செருகும் வளைவுத் துண்டான எல்போவின் உட்புறத்தைத் தேய்க்க மறந்திருக்கிறாள். வேறு யாரும் இல்லை, அவளேதான்.

சமையலறை வாசலில் வீட்டுக்கார அம்மா வந்து நின்றார். யார்மேல் தப்பு என்று கேட்டார். அவன் முந்திக்கொண்டு, எல்போவே மட்டமான சரக்கு, இவர் வேலையில் குறையில்லை என்று கூசாமல் புளுகினான்.

அவளுக்கு வந்ததே கோபம்...

“தப்பு என்னுதுதாம்மா. உள்பக்கம் தேய்க்க மறந்துட்டேன். நானே மாத்தித் தரேன். வேண்டாம்னா இப்பவே போயிடறேன்.”

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பை ஒப்புக்கொண்டவளை விரட்ட மனம் வரவில்லை போலும். இன்னொரு தடவை ஒழுகினால் உன் அப்பாவிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது எல்போவை உள்ளும் புறமும் தேய்த்து, ஃபிளக்ஸ் பசை தடவி, கேஸ் டார்ச்சின் நெருப்பைக் காட்டி ஒட்டி முடிக்கும் வரை அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைத் திறந்தார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அதற்குப் பிறகுதான் வெடித்தாள்.

“எனக்காகப் பொய் சொல்ல நீங்க யாரு? பாவம் பார்த்தீங்களா?”

“பாவமெல்லாம் இல்லீங்க...” அவன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். “உங்களை அனுப்பிட்டா அப்புறம் நான் எங்க போய்ப் பார்க்கிறது?”

“பிடிச்சிருந்தா நேரா சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு எல்போ மேல எதுக்குப் பழி?”

“பிடிச்சிருக்குங்க.”

“எனக்கும்தான்,” என்றாள், அதையும் சண்டை போடுகிற குரலிலேயே.