கோடு மறையும் வரை

தூள் வெள்ளையாக இருந்தது.

கதவு பழுப்பு மரம். அரைமணி நேரமாக அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடியில் விரித்த செய்தித்தாளில் பழுப்புத் தூள்தானே விழ வேண்டும்? குனிந்து விரலால் தொட்டாள். மாவு மாதிரி நைசாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தால் மர வாசனை இல்லை. இன்னதென்று சொல்ல வராத, ஆனால் தினமும் பழகிய ஏதோ ஒரு வாசனை. அடியில் பழைய பூச்சு ஏதாவது இருந்திருக்கும் என்று விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி உப்புத்தாளை எடுத்தாள். நின்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. கோபம் கழுத்து வரை நிறைந்திருந்தது.

நேற்று நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பத்துப் பேர் முன்னால், அவள் கணவன் சொன்னான்: "இவளா? எல்லாத்தையும் ஆரம்பிப்பா. முடிக்க மட்டும் தெரியாது. எங்க ரூம் கதவை வந்து பாருங்க. ஒரு மாசமா பாதி பெயிண்ட், பாதி அம்மணம்."

மேஜையே குலுங்கியது. எதற்கும் சிரிக்காத நாத்தனாரின் வீட்டுக்காரர்கூடப் புரையேறச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்று மதியம் அந்தப் பேச்சை எடுத்ததும், "ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டான். அடுத்த நிமிடமே கதவு லேசாக முனகியது. அவளுக்குத் தெரியும். எந்தச் சண்டையானாலும் உள்ளே போய், கதவில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். இந்தப் பக்கத்திலிருந்து அவள் உள்ளங்கையை வைத்து, "போதும், வாங்க" என்பாள். அவன் வெளியே வந்து அந்த உள்ளங்கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொள்வான். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து அதுதான் அவர்களுடைய சமாதானம்.

இன்று அவள் உள்ளங்கையை வைக்கவில்லை. உப்புத்தாளை வைத்தாள்.

போன மாதம் பெயிண்ட் கடைக்காரர் அதற்குப் பாடமே எடுத்திருந்தார். "நம்பர் சின்னதா இருந்தா சொரசொரப்பு ஜாஸ்திம்மா. முதல்ல எண்பது, அப்புறம் நூத்திருபது, கடைசியா இருநூத்திருபது. நடுவுல ஒண்ணைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் முன்னாடி கதவு பூரா பென்சிலால கோடு கிறுக்கிடுங்க. கோடு மறைஞ்சதும் கையை எடுத்துடணும்." பிறகு கண்ணை மூடி, கல்லாப் பெட்டியின் மூடியைத் தடவிக் காட்டினார். "இப்படித் தடவுங்க. உள்ளங்கையில எங்கயும் தட்டலைன்னா வேலை முடிஞ்சுது." மீதிச் சில்லறையை நீட்டும்போது இன்னொன்றும் சொன்னார். "கோவத்துல மட்டும் தேய்க்காதீங்க. கை நிக்காது."

அன்று வீட்டுக்கு வந்ததும், சவரம் செய்யாத கணவனின் கன்னத்தைத் தடவி, "எண்பது நம்பர்" என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் விடாமல் அவளைப் பிடித்து இழுத்து, அவள் கழுத்தில் தாடையைத் தேய்த்துக் கத்த வைத்தான். ஒரே மாதம்தான் ஆகிறது.

இன்று அவள் கிறுக்கிய கோடுகள் மரத்தில் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுத்தமாக இருந்தன. பென்சில் முனை இரண்டு தடவை ஒடிந்தது. முடிக்க, ஒரு கோடு. மட்டும், ஒரு கோடு. தெரியாது.

முக்காலியில் ஏறி, மரத்துண்டில் சுற்றிய எண்பதாம் நம்பர் தாளை இரண்டு கையாலும் அழுத்தி மேலும் கீழும் இழுக்க இழுக்க, பல்லைக் கூசவைக்கும் அந்தக் கரகரப்பு கூடத்துச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டுகொண்டே போவதையும் வாயில் தூள் ஒட்டுவதையும் அவள் கவனிக்காத அளவுக்குக் காதை நிறைத்தது. அவன் முகம் இருக்கும் உயரத்தில் ஏதோ ஒரு மேடு தாளில் திரும்பத் திரும்பத் தட்டியது. பெயிண்ட் வழிந்து காய்ந்த இடமாக இருக்கும். அங்கே இன்னும் அழுத்தினாள். வெள்ளைத் தூள் அந்த இடத்திலிருந்துதான் உதிர்ந்தது.

"என்னடி சத்தம் அது?" என்றான் உள்ளேயிருந்து. "காதுக்குள்ளயே தேய்க்கிற மாதிரி இருக்கு."

"முடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

மேடு இறங்கியது. நூற்றிருபதை எடுத்தாள். மறுபடி கோடுகள்.

"மெதுவாத் தேய்மா. எரியுது."

"தூள் பறந்தா கண்ணு எரியத்தான் செய்யும். தள்ளிப் போய்ப் படுங்க."

"நகர முடியல." குரல் வெகு அருகில், மரத்துக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. "முகத்தை எடுக்கவே முடியல."

"இந்த நாடகத்தை உங்க அக்கா வீட்டு மேஜையில போய் ஆடுங்க. சிரிக்கிறதுக்கு ஆள் இருக்கு."

நல்ல அடி கொடுத்துவிட்ட திருப்தி அவளுக்கு. கை இன்னும் வேகமாக ஓடியது. கோடுகள் மறைந்தன. போதாது என்று தோன்றியது. கோடுகளைப் புதிதாகக் கிறுக்கி, அதே தாளால் இன்னொரு தடவை தேய்த்தாள். கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை.

கூடம் மங்கிவிட்டது. விளக்கைப் போடத் தோன்றவில்லை. கடைசித் தாள், இருநூற்றிருபது. அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கரகரப்பு போய், யாரோ காதருகே நீளமாக மூச்சு விடுவதுபோல ஸ்... ஸ்... என்று கேட்டது.

"ஓது... ஆ..."

கையை நிறுத்தினாள். "என்ன?"

"ஓது... ஆ... ஓது..."

போதும்மா என்கிறானா? தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகுகிறானா? ஆனால் கட்டில் கிரீச்சிடும் சத்தம் மதியத்திலிருந்து ஒருமுறைகூடக் கேட்கவில்லை. உதடு இரண்டும் சேராமல் யாராவது பேசினால் இப்படித்தான் கேட்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. அது ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை என்னவென்று பிடிபட்டது.

சவர சோப்பு. அதன் அடியில், காதுமடலுக்குப் பின்னால் முகம் புதைத்தால் வருகிற வாசனை. அவனுடைய வாசனை.

மணிக்கட்டைப் பார்த்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூள். அதில் ஒட்டியிருந்தன, கறுப்பாக, பொடிப்பொடியாக, மயிர்த் துணுக்குகள்.

"ஏங்க?"



கதவில் கை வைத்தாள். சூடு. காய்ச்சல்காரனின் நெற்றி போல. உள்ளங்கையின் கீழே மரம் மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது. எழுந்தது.

இறங்கு. முக்காலியிலிருந்து இறங்கு. தாளைத் தூக்கிப் போடு. போதும், வாங்க என்று சொல். இரண்டே வார்த்தை.

கதவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கோடுகள் மிச்சமிருந்தன. நாலே நாலு கோடு.

முடிக்க மட்டும் தெரியாது.

மேஜை சிரித்தது. புரையேறச் சிரித்தது. அவளும் சிரித்தாள், நேற்று, பல்லைக் காட்டிக்கொண்டு.

கை போனது. அவளுடைய கைதான். ஒரு இழுப்பு. இரண்டு. உள்ளே நகங்கள் மரத்தைப் பிறாண்டின. மூன்று. ஒரு சத்தம் வந்தது. வாய் இல்லாத சத்தம். நான்கு.

கோடு மறைந்தது.

பிறாண்டலும் நின்றது.

சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

உள்தாழ்ப்பாள் விலகியது. கதவு மெதுவாகத் திறந்தது. அவன் நின்றிருந்தான். மதியம் போட்டிருந்த அதே சட்டை. மேல் பொத்தான் அறுந்தது, அவள் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி மறந்தது. இடப்பக்கம் படிய வாரிய தலைமுடி. அதற்குக் கீழே, ஜன்னலின் கடைசி வெளிச்சம் தங்கிப் பளபளத்தது. நெற்றி முடிகிற இடமும் தாடை தொடங்குகிற இடமும் தெரியவில்லை.



அவன் கை நீண்டது. தேடியது. அவள் விரல்களிலிருந்து உப்புத்தாளை மென்மையாக உருவிக் கீழே போட்டது. பிறகு அவள் உள்ளங்கையைப் பிடித்து, சண்டை தீர்ந்த ஒவ்வொரு நாளும் செய்வதுபோலத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டது. மேலிருந்து கீழே, நிதானமாக, ஒரு தடவை முழுசாக இழுத்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எங்கும் தட்டவில்லை.