விருந்தாளியின் டம்ளர்

சனிக்கிழமை காலை ஏழே முக்கால். நூலக அறைக் கதவைத் தள்ளித் திறந்த பிரீனா முதலில் பார்த்தது டம்ளரைத்தான். டம்ளர் காலி. விருந்தாளி வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. அதற்கப்புறம்தான், மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் விக்டோரியா டீச்சரின் கால்கள் தெரிந்தன.

அவள் அலறவில்லை. மைதானத்தைத் தாண்டி ஓடி, தலைமையாசிரியர் பொன்னுலிங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் வந்து எட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தினார், போலீசுக்குப் போன் செய்தார். அந்த மட்டுக்கும் புத்தியோடு நடந்துகொண்டார் என்று சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அஜிதா வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. சுசீந்திரம் தாண்டி வயக்காட்டுக்கு நடுவில் இருக்கிற பள்ளிக்கூடம். ஒரே காம்பவுண்டுக்குள் வகுப்புகள், பிள்ளைகள் தங்குகிற விடுதி, தென்கோடியில் ஒரு பழைய மோட்டார் அறை. நூலகத்தில் வட்டமாக எட்டு நாற்காலிகள், நடுவில் மேசை. மேசையில் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். அதன் அடியில் கொஞ்சம் கருப்பட்டி வண்டல். சுக்கின் காரத்தையும் மீறி, வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் வாடை.

டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு புதுப் புத்தகம். முன்னட்டையில் சிறகு முளைத்த பச்சைப் பாம்பு. அந்தப் பாம்பைச் சுற்றி எறும்புகள் அச்சு எடுத்தாற்போல வட்டம் கட்டி மொய்த்துக்கொண்டிருந்தன.

"மரியான், எறும்ப ஊதி விட்டுட்டு புத்தகத்த உறையில போடுங்க."

"ரேகை எடுக்கணுமா மேடம்?"

"பள்ளிக்கூடத்துப் புத்தகம். ஊரிலுள்ள கை எல்லாம் அதுல இருக்கும்."

ஏட்டு மரியான் எறும்புகளை ஊதினார். டீச்சரின் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு, அஜிதா நாற்காலி ஒன்றை இழுத்து உட்காரப் போனாள். வாசலில் நின்ற பிரீனா முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"அதுல இருக்காதீங்க மேடம். அது விருந்தாளிக்கு உள்ளது."

ஏழாம் வகுப்பு. ஒட்டிய கன்னம், அழாத கண். அஜிதா வேறு நாற்காலிக்கு மாறினாள்.

விருந்தாளி என்றால் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் ஆனது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளில் மாயக்கதைப் பைத்தியங்கள் ஆறு பேரைச் சேர்த்து விக்டோரியா டீச்சர் நடத்திய வாசிப்பு மன்றம் அது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூடும். புதுப் புத்தகத்தை டீச்சரே சீல் குத்தி, காக்கித் தாள் சுற்றித்தான் கொண்டு வருவார். எல்லாரும் உட்கார்ந்த பிறகே பிரிப்பார்கள். ஒரு அத்தியாயம் வாசிப்பு. பிறகு அவரவர் மனசில் இருக்கிற பூதத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை. விடுதியிலிருந்து சுக்காப்பி வரும். எட்டாவது நாற்காலி கதைக்குள்ளிருந்து வரப்போகிறவருக்கு. அவருக்கும் ஒரு டம்ளர், விளிம்பு வரைக்கும் ஊற்றி, அன்று வாசித்த புத்தகத்தாலேயே மூடி வைப்பார்கள்.

"யாரு ஊத்துனது?"

"நான்தான். கெட்டில் கொண்டு வந்ததும் நான்தான்."

"மூடுனது?"

"நான்தான்."

"அப்புறம்?"

"மணி அஞ்சாவப் போச்சு. நாங்க எல்லாரும் ஒண்ணா விடுதிக்கு செபத்துக்குப் போனோம். சனிக்கிழம காலத்த வந்து பாத்தா டம்ளர் காலியா இருக்கும். எல்லா வாரமும் காலியாத்தான் இருக்கும்."

"யாரு குடிப்பா?"

பிரீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "விருந்தாளி."

நம்புவதும் நம்புகிற மாதிரி விளையாடுவதும் ஒன்றாகவே இருக்கிற வயசு. அஜிதா மேற்கொண்டு கேட்டாள். நேற்று நீ சொன்ன பூதம் எது? பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு விடுதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பொன்னுலிங்கம் தன் அறையில் மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து டீச்சரக் கடைசியா எப்பம் பாத்தீங்க?"

"பிள்ளையள் போன உடனே, மேடம். நூலகத்துக்குப் போய் கூட்டிட்டு வந்தேன். பத்துப் பதினஞ்சு நிமிஷம் இங்க பேசிட்டிருந்தாங்க. பிறகு பைய எடுக்கணும்னு திரும்பிப் போனாங்க. தனியா இருக்க ஆளு, எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"நூலகத்துல அப்பம் வேற யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

"மேசையில?"

"கெட்டில், டம்ளர் எல்லாம் கெடந்து. காலி நாற்காலிக்கு முன்னால ஒரு டம்ளர மூடி வச்சிருந்து. அது மேல பள்ளிக்கூடத்துச் சீல் பாத்தேன். பின்னட்டையில குத்துற சீலு. புதுப் புத்தகம், அதுக்குள்ள இந்தப் பாடு படுத்துதாவளேன்னு நெனச்சேன்."

"என்ன பேசுனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பள்ளிக்கூட விசயம்."

அந்தக் கண்ணாடி ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. அஜிதா அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

விடுதிக் காப்பாளர் முருகதாஸ் வடசேரி சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அப்போதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், இடுப்பில் சாவிக்கொத்து. நடந்தால் சாவி முன்னால் பேசும், ஆள் பின்னால் வருவார். நூலகப் பக்கம் அவரை யாரும் விடவில்லை. விடுதி வராந்தாவிலேயே விசாரணை.

"வெள்ளிக்கிழம கெட்டில் எடுக்கப் போறது யாரு?"

"நான்தான். எல்லா வாரமும் நான்தான் போவேன்."

"நேத்து?"

"அஞ்சு மணி கழிஞ்சு போனேன். டீச்சர் அங்க இல்ல. கெட்டிலயும் மத்த டம்ளரயும் எடுத்துட்டு வந்தேன்."

"ஒரு டம்ளர விட்டுட்டீங்க."

"அது பிள்ளையளுக்க காரியம் மேடம். பாம்புப் படம் போட்ட புத்தகத்த வச்சு மூடியிருந்து. அதுல நான் எதுக்குக் கைய வைக்கணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "சொல்ல மனசு வரல்ல. இந்தப் பிரீனா ஒரு மாதிரியான பிள்ள. அவளுக்க பெட்டியப் பாத்தா நல்லது."

பார்த்தார்கள். பாவாடைக்கு அடியில் ஒரு பூச்சிமருந்துக் குப்பி.

பத்தரை மணிக்கு டி.எஸ்.பி. போனில் வந்தார். ஊற்றினவள் அவள், கொண்டு வந்தவள் அவள், குப்பி அவள் பெட்டியில், முதலில் பார்த்தவளும் அவள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளையைக் கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோக மதியம் வண்டி வரும் என்றார். அஜிதா சரி சார் என்றாள். போனை வைத்துவிட்டு, எரிச்சலில் ஒரு டம்ளர் வெள்ளத்தை மடமடவென்று குடித்தாள். அப்பனில்லாத, அம்மா துபாயில் வீட்டுவேலை செய்கிற பிள்ளை. கேட்க நாதியில்லாதவள் தலையில் பழியைத் தூக்கி வைப்பது எத்தனை சுலபம் என்று நினைக்கவே அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனால் வயிற்றெரிச்சல் சாட்சியாகாது. அவள் பிரீனாவை மறுபடி நூலகத்துக்கே கூட்டிவந்தாள். தொப்பியைக் கழற்றி வைத்தாள். தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளரையும் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு புத்தகத்தையும் மேசையில் வைத்தாள்.

"நேத்து எப்படி மூடுனியோ, அப்படியே மூடு மக்கா."

பிரீனா புத்தகத்தை எடுத்தாள். கொஞ்சமும் யோசிக்காமல் அதைக் குப்புறப் புரட்டி, படம் போட்ட முன்னட்டை டம்ளருக்குள் பார்க்கும்படி வைத்தாள். மேலே தெரிந்தது பின்னட்டையும் சீலும்தான்.

"என்னத்துக்குக் கமத்தி வைக்க?"

"விருந்தாளி கீழேருந்துதான வருவாங்க. படத்தப் பாத்தாத்தான் எந்தக் கதைன்னு தெரியும். இது எங்க சட்டம். டீச்சருக்கும் இதுதான் சட்டம்."

அஜிதா குனிந்து, மேலே தெரிந்த சீலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மரியான், அந்த உறையக் கொண்டாங்க" என்றாள்.

பதினொன்றேகாலுக்கு எல்லாரும் நூலகத்தில். பொன்னுலிங்கம் சுவரோரம் நின்றார். பிரீனா தன் வழக்கமான இடத்தில் இருந்தாள். முருகதாஸ் உள்ளே வந்து, சாவிக்கொத்தை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, கைக்கு எட்டின நாற்காலியில் உட்கார்ந்தார். பிரீனா தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தது விருந்தாளியின் நாற்காலி.

"இந்த டம்ளர்ல இருந்தத டீச்சர் குடிக்கது வழக்கம்னு யாருக்குத் தெரியும்?" அஜிதா கேட்டாள்.

பொன்னுலிங்கம் இல்லை என்று தலையாட்டினார். "எனக்குத் தெரியாது மேடம்."

"பிள்ளைகளுக்கும் தெரியாது. அவங்களப் பொறுத்தவரைக்கும் குடிக்கது விருந்தாளி. பிள்ளைகள் நம்பணும்னு டீச்சர் அவங்க போன பிறகு குடிச்சு வச்சாங்க. டீச்சரக் கொல்லணும்னு நெனைக்க பிள்ள டீச்சருக்க டம்ளர்லதான் மருந்த விடும், இதுல விடாது. இது தெரியணும்னா, பிள்ளைகள் போன பிறகு இங்க வார ஆளா இருக்கணும். வாராவாரம்."

"கெட்டில் எடுக்க வாறதுக்கு இப்படி ஒரு அர்த்தமா?" முருகதாஸ் சிரித்தார். "குப்பி அவளுக்க பெட்டியிலல்லா இருந்து?"

"பெட்டி இருக்க அறைக்குச் சாவி ஒங்க மடியில இருக்கு."

அஜிதா உறையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். முன்னட்டையில் பாம்பைச் சுற்றிக் கருப்பட்டியின் பழுப்பு வட்டம். "இது பிரீனா மூடுனப்போ விழுந்தது. விளிம்பு வரைக்கும் இருந்ததால ஒட்டிக்கிச்சு." புத்தகத்தைத் திருப்பினாள். சீலுக்குக் கீழே, பின்னட்டையில், அதே அளவில் இன்னொரு வட்டம்.

"ஒரு டம்ளர். ஒரு மூடல். ரெண்டு வட்டம் எப்படி?"

பொன்னுலிங்கம் சுவரோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அஜிதாவே பதிலும் சொன்னாள்.

"காலையில எறும்பு மொய்ச்சது ஒரு பக்கந்தான் என் கண்ணுல பட்டுது. திருப்பிப் பாக்கணும்னு எனக்குத் தோணல்ல, அது எனக்க மடத்தனம். பிள்ளைகள் போன பிறகு ஒரு ஆள் புத்தகத்தத் தூக்கி, மருந்த விட்டு, மறுபடி மூடியிருக்கு. புத்தகம்னா படம் மேல தெரியத்தான் வைக்கணும்னு நெனைக்க ஆள். பிரீனா அப்படி வைக்க மாட்டா, டீச்சரும் வைக்க மாட்டாங்க. சார் வந்தப்போ மேல சீல் தெரிஞ்சிருக்கு. அப்போ டம்ளர ஒருத்தரும் தொடல்ல. அவரு டீச்சரக் கூட்டிட்டுப் போயாச்சு. அடுத்து வந்தது நீங்க. நீங்க பாத்தது பாம்புப் படம்."

"முன்னயே பாத்திருப்பேன். பள்ளிக்கூடத்துப் புத்தகந்தானே."

"நேத்து நாலு மணிக்குத்தான் காக்கித் தாளப் பிரிச்சாங்க. இன்னைக்குக் காலத்தயும் நீங்க இந்த அறைக்குள்ள வரல்ல. அந்தப் பாம்ப நீங்க பாக்கணும்னா ஒரே வழிதான். புத்தகத்த ஒங்க கையாலயே திருப்பியிருக்கணும்."

முருகதாஸின் கை மடியில் இருந்த சாவிகளை இறுக்கிப் பிடித்தது. மரியான் அவர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"டீச்சருக்கு ஏன் தெரியல்ல?" பொன்னுலிங்கம் மெல்லக் கேட்டார். "புத்தகம் மாறிக் கெடந்தது..."

"அவங்களுக்கு மனசு வேற எடத்துல இருந்துது சார். எங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் சுவரில் சாய்ந்தார். "மோட்டார் ரூம் சாவி கேட்டாங்க. பிரீனா சொன்ன பூதம் அங்கதான் இருக்காம். இடுப்புல சாவி கிலுங்குமாம். பேசுன பிள்ளையளப் பிடிச்சு இருட்டுத் தொட்டிக்குள்ள இறக்கி வெள்ளத்தத் தொறந்து விடுமாம். மூணு வாரமா அதே பூதம், இது கதையில்ல, டெல்வினுக்கு நடந்தது இதுதான்னு டீச்சர் சொன்னாங்க. திங்கக்கிழம பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

டெல்வின் போன வருஷம் செத்துப்போன, விடுதியில் தங்கிய ஆறாம் வகுப்புப் பையன். வலிப்பு வந்து தொட்டியில் விழுந்தான் என்று எழுதி முடித்திருந்தார்கள்.

"டீச்சர் சாவி கேட்டது நேத்து சாயங்காலந்தானா?"

"மொதல்ல மத்தியானமே கேட்டாங்க."

"யாருட்ட சொன்னீங்க?"

பொன்னுலிங்கம் முருகதாஸைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் கெடக்கூடாது என்று நினைத்த மனிதர், கொன்றவனிடமே போய்ச் செய்தி சொல்லியிருக்கிறார்.

மரியான் சாவிக்கொத்தைப் பிடுங்கினார். மோட்டார் அறையைத் திறந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தார். தொட்டி மூடியின் உள்பக்கத்தில் நகத்தால் கீறிய தடங்கள் இருக்கின்றன, அவை ஒரே பிள்ளையின் கை அளவில் இல்லை என்று மட்டும் சொன்னார். முருகதாஸ் ஜீப் ஏறும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

மதியத்து வண்டியை அஜிதா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். திரும்பி வந்தபோது நூலகத்தில் பிரீனா மட்டும் இருந்தாள்.

"நான் கதை சொன்னதுனாலதான டீச்சர் செத்தாங்க?"

அஜிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் இந்தப் பிள்ளையிடம் சுலபமானதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நீ சொன்னத ஒரு ஆளு நம்புனாங்க. அதுக்காக ஒருத்தன் அவங்களக் கொன்னுட்டான். செஞ்சது அவன், நீ இல்ல. ஆனா நீ இப்பம் சொல்லாம இருந்தா, டெல்வின் வலிப்பு வந்துதான் செத்தான்னே இருக்கும்."

பிரீனா எழுந்தாள். விருந்தாளியின் நாற்காலியை, அவன் உட்கார்ந்த இடத்தை, பாவாடை நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். அதைத் தனக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டாள்.

"கதையாட்டு சொல்லவா, நெசமாட்டு சொல்லவா?"

"நெசமாவே சொல்லு மக்கா."

"டீச்சரும் கேக்கட்டும்" என்றாள் பிரீனா. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, டெல்வினைத் தொட்டிக்குள் இறக்கிய அன்று என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.