ஐந்தாம் தட்டு

வேலைக்குச் சேரும் நாள் என்று உவைஸ் ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். காரைக்குடிக்கு வெளியே, காளையார்கோவில் சாலையில் இருந்தது அந்தச் சோப்புக் குடோன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்புட்டீகளாக்கா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அம்மா கட்டிக்கொடுத்த சோற்று டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

"அவ காளியாயி," என்றார் சூப்பர்வைசர் பூமிநாதன். "புருசன் மருது இங்கதான் வண்டி ஓட்டுனான். குடிச்சிட்டு ரேக்குல ஏறி, விழுந்து செத்தான். அவுக குடிக்கவே மாட்டாகன்னு தெனமும் வந்து உக்காந்திருக்கா. நீ கண்டுக்காத மாப்ள."

பூமிநாதன் உவைஸின் அத்தாவோடு படித்தவர். சார்ஜாவில் வேலை போய்த் திரும்பியவனை வீடு தேடி வந்து கூப்பிட்டவர். தொழுகை முடிந்ததும் அம்மா அவருக்காகவும் துஆ கேட்பாள்.

வண்டிகளைக் காட்டினார். லாரியில் பாரம் ஏற்ற, பின்புறம் கனத்த டீசல் ஃபோர்க்லிஃப்ட். தரையோடு தரையாகக் கையால் இழுத்துப்போக ஹேண்ட் பேலட். ரேக்குகளுக்கு நடுவே ஒடுங்கிய சந்தில் நுழைந்து, ஐந்தாம் தட்டு வரை இரும்பு முள்ளை நீட்டி, பலகையோடு சரக்கை எடுக்க, பேட்டரியில் ஓடும் ரீச் டிரக். ஆயுத பூஜைக்கு மருது வைத்த சந்தனப்பொட்டு அதில் இன்னும் இருந்தது.

"ஆள் நின்னு மேல போற கூண்டு வண்டி இல்லியா மாமா?"

"அது எதுக்கு? இருக்கறத வச்சு ஓட்டுவோம்."

மதியம் மழை பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. கரண்டும் போனது. சந்துக்குள் இருட்டு, சோப்பு வாசனை. அதற்கடியில், யாரோ ஒட்டி நிற்பதுபோல ஒரு வேர்வை வாடை.

சந்து முனையில் ஹாரன் கேட்டது. சின்னதாக, இரண்டு தடவை.

"யாரு மாமா ஓட்டுறா?"

பூமிநாதன் முகம் வெளுத்திருந்தது. "மருதுதான் முனைக்கு முனை ரெண்டு அடிப்பான்... மழைச்சத்தம்யா. லாரி நிக்குது. அஞ்சாம் தட்டுல மூணு பெட்டி மட்டும் வேணும். நீ ரீச் டிரக்குப் பலகையில ஏறிக்க, நான் ஓட்டித் தூக்குறேன்."

முள்ளின் மேல் வெறும் மரப்பலகை. அதில் ஆளை ஏற்றக் கூடாது என்று சார்ஜாவில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது உவைஸுக்கு நினைவு வந்தது. ஆனாலும் சொல்வது மாமா. பிஸ்மில்லா சொல்லி ஏறினான்.

பலகை ஒரு சாண் எழும்பி நின்றது.

காதருகே குளிர்ந்த மூச்சு.

"எறங்கிரு தம்பி."

உவைஸ் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"நானும் அவரை நம்பித்தான் ஏறுனேன். எம் பொண்டாட்டிக்குச் சோறு குடுத்த புள்ள நீ. எறங்கிரு."

குதித்துவிட்டான்.

வெறும் பலகை தானாக மேலே போனது. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. ஐந்து.

வண்டியை விட்டு இறங்கி நின்ற பூமிநாதனின் இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.

"வேணும்னு செய்யல மருது," என்றார் அவர். "போனு வந்துச்சு. பாத்துக்கிட்டே லீவரை இழுத்துட்டேன். பலகை சரிஞ்சிருச்சு. வேலை போயிருமேன்னுதான் நீ குடிச்சிருந்தன்னு சொல்லிட்டேன்..."

உவைஸுக்கு அழுகைதான் வந்தது. "அது தெரிஞ்சுமா என்னையும் ஏறச் சொன்னீக?"

"இந்தத் தடவ கவனமாத்தான் இருந்திருப்பேன். யார்ட்டயும் சொல்லிராத மாப்ள."

"மாப்ளன்னு கூப்பிடாதீக."

வண்டியின் பேட்டரி பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நனைந்தபடி கேட்டுக்கு ஓடினான். காளியாயி டப்பாவைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு குடிக்கலக்கா. சூப்பர்வைசரே ஒத்துக்கிட்டாரு. வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன்."

அவள் எழுந்தாள். திறந்திருந்த கதவு வழியே குடோனுக்குள்ளேயே பார்த்தாள். உவைஸும் திரும்பினான்.

பிளக் தரையில் கிடந்தது.

பலகை மெதுவாக, தட்டுத் தட்டாக, கீழே இறங்கி வந்தது. பூமிநாதனின் காலடியில், ஏறுவதற்குத் தோதாக, ஒரு சாண் உயரத்தில் நின்றது.

இரண்டு ஹாரன்.

பூமிநாதன் ஒரு காலைத் தூக்கி அதில் வைத்தார்.