உள்ள யாரு இருந்தாலும் வெளிய வாங்க

கரண்ட் வந்ததும் ஞானஜோதியின் குரல் ஞானஜோதிக்கே கேட்டது. அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, அவளே பேசிப் பதிந்து வைத்ததுதான். "உள்ள யாரு இருந்தாலும் வெளிய வாங்க, ஃபேன் ஓடப் போவுது." மூன்று தடவை. வழக்கமாக அதற்குப் பிறகு தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் ஃபேன் உறுமத் தொடங்கும். அன்றைக்கு இரண்டுக்கும் நடுவே, உலர்த்தும் அறையில் மாட்டியிருந்த கேமராவின் மைக் வழியாக, "ம்" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

கபிரியேல்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய புருஷனைத் தவிர அங்கே வேறு யார் இருக்கப் போகிறார்கள்? அந்த நேரம் பார்த்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, தோளில் விறகோடு, அவளுக்குப் பின்னாலிருந்த வாசல் வழியாகக் கபிரியேல் உள்ளே வந்தான்.

"நீங்க உள்ள இல்லியா?"

"வெறகு எடுக்கப் போனேம்லா."

"அப்ப உள்ளருந்து பதில் சொன்னது யாரு?"

கபிரியேல் விறகைப் போட்டுவிட்டுச் சிரித்தான். "ஒன் கொரலக் கேட்டு நீயே பயப்படுத. கட்டுன நாள்லருந்து நான் பயந்துட்டுதான இருக்கேன்."

சக்குபள்ளத்தில் ஏலக்காய் உலர்த்தும் அந்த ஸ்டோரில் இந்த இருவர்தான் எல்லாம். அடுப்புக்கு விறகு போடுவதும் உள்ளே போய்த் தட்டுகளில் காயைக் கிளறிவிடுவதும் கபிரியேல். முற்றத்துக்கு இந்தப் பக்கம் முன்னறையில் உட்கார்ந்து சூட்டைப் பார்த்துக்கொள்வது ஞானஜோதி. ஃபேன் ஓடினால் அடுப்பின் அனல் மொத்தமும் அந்த அறைக்குள் பாயும். அதற்குமேல் மனுஷன் உள்ளே நிற்க முடியாது. அதனால் ஃபேனைப் போடும் முன் கதவருகே நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும், காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும், உள்ளே ஒருவரும் இல்லையென்று தெரிந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். அந்த மலையில் ஸ்டோர் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆடி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நனைந்துகொண்டு முற்றத்தைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. முதலாளியின் மருமகன் ஜிபி ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்து, கரண்ட் வந்தால் அது தானாகவே எழுந்துகொள்ளும்படி செய்துவிட்டுப் போனான். ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு இடம் காட்டினான். அதில் எதைச் சேர்த்தாலும் கம்ப்யூட்டர் எழுந்ததும் அது தானே ஓடும். கேமராவைச் சேர்த்தான், ஃபேனைச் சேர்த்தான். மூன்றாவதாக அந்த அழைப்பைச் சேர்த்தது ஞானஜோதியின் சொந்த மூளை. உள்ளே ஸ்பீக்கரில் அது ஒலித்து, கொஞ்சம் பொறுத்து ஃபேன் ஓடும். இனி நனைய வேண்டாம். அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் கூப்பிடுவதற்குத்தான் ஆள் வைத்தாளே தவிர, பதிலைக் கேட்பதற்கு அவள் யாரையும் வைக்கவில்லை. கேமரா சத்தத்தைக் கூடக் குறைத்தே வைத்திருந்தாள். எத்தனை நாளாக அந்தக் குரல் ஆளில்லாத அறையைப் பார்த்து வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததோ, யார் கண்டது?

மறுநாள் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்தாள். கரண்ட் போய் வந்தது. மூன்று அழைப்பு. அப்புறம், "வாரேன்."

தெளிவாகக் கேட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. இப்போதுதான் பேசப் பழகும் தொண்டையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. திரையில் தட்டுகள் வரிசையாக இருந்தன, பச்சைக் காய் மினுங்கியது, வேறொன்றும் இல்லை. அடுத்த தடவை அதே சொல் கபிரியேலின் குரலில் வந்தது. கபிரியேலோ அவளுக்கு எதிரே உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஜிபிக்கு ஃபோன் போட்டாள்.

"சேச்சி, அதுக்கு எதுக்கு டென்ஷன்? லிஸ்ட்ல அந்த வாய்ஸ் இருக்கில்லே, அதோட டிக்கை எடுத்து விடு. பின்ன அது பாடாது."

எடுத்துவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. கூப்பிட்டால்தானே வரும், இனிக் கூப்பிடவே வேண்டாம்.

அன்று சாயங்காலம் பனிமூட்டம் முற்றத்தை மூடி, ஸ்டோர் கதவைக்கூடக் கண்ணுக்கு மறைத்துவிட்டது. கரண்ட் இல்லை. கபிரியேல் காயைக் கிளற உள்ளே போயிருந்தான். கரண்ட் வந்தால் எப்படியும் அவள் குரல் கூப்பிடும் என்ற தைரியம் அவனுக்கு.

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. கேமரா திறந்தது. கபிரியேலின் முதுகு தெரிந்தது, நனைந்த சட்டை, கையில் தட்டு.

அழைப்பு இல்லை.

"அய்யோ, ஏசப்பா!" அழைப்பை மட்டும்தான் எடுத்திருந்தாள், ஃபேன் லிஸ்டில் அப்படியே இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கேமரா வழியாக ஒரு குரல். "இன்னைக்குக் கூப்பிடலியா, ஞானம்?"

கபிரியேலின் குரல். ஆனால் கபிரியேல் பேசவில்லை. அந்தக் குரல் வந்த பக்கம் அவன் திரும்பினான். கேமராவுக்கு எட்டாத மூலை அது. அங்கே எதையோ பார்த்தான். கையிலிருந்த தட்டு நழுவி, காய் சிதறியது.

ஃபேனை நிறுத்த எங்கே அழுத்துவது என்று அவள் விரல்களுக்கு மறந்துபோயிற்று. ஃபேன் உறுமியது.

ஓடினாள். செருப்பில்லை. சேறு. பனி. "வெளிய வாங்க! வெளிய வாங்க!"

கதவுக்கு வெளியே கபிரியேல் நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டேம்லா. எதுக்கு இந்த ஓட்டம் ஓடி வார?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். சட்டை காய்ந்திருந்தது. அந்த அறையிலிருந்து வருகிறவன் உடம்பில் வேர்வை சொட்ட வேண்டும். ஒரு சொட்டு இல்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அவன்மேல் ஈரமே இல்லை. அவன் நெஞ்சுக்குள் எந்தத் துடிப்பும் கேட்கவில்லை.

கதவில் வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது.

உள்ளேயிருந்து உள்ளங்கையால் ஓங்கி அடிக்கும் சத்தம்.

"ஞானம்! தாழ எடு! சுடுது, ஞானம்!"

அவள் தாழ்ப்பாளைப் பிடித்தாள். அவள் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. அவ்வளவு குளிர். அழுத்தவில்லை, சும்மா இருந்தது. ஆனால் நகரவில்லை.

"உள்ள யாரும் இல்ல," என்றது அது, பொறுமையாக.

கதவு அதிர்ந்தது. அவள் தோள் உயரத்தில். பிறகு இடுப்பு உயரத்தில். பிறகு முழங்கால் உயரத்தில். அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, கபிரியேலின் வாயால் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தது.